கஞ்சிக் கரண்டியும் கண்ணாடி வளையலும்

1911-ஆம் வருஷம் ஜூலை மாதம் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது, சாரலெல்லாம் அங்கேதான். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. புழுதியை வாரி முகத்தில் அடிக்கும் மேல்காற்று மட்டும் வந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவி எங்கள் மகளை என்னிடம் விட்டுவிட்டு வண்டியேறினாள். எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

எனக்கு இப்போது எழுபத்திரண்டு நடக்கிறது. அப்போது முப்பத்தாறு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எதையாவது எண்ணாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழைக்காலத்தில் சகதியைச் சுற்றிப் போனால் நானூற்று நாற்பது. சும்மா நடக்க வராது எனக்கு.

எங்களுக்கு ஒரே மகள், அப்போது எட்டு வயது. பிறந்ததிலிருந்து கழுத்து நிற்கவில்லை. கையும் காலும் விறைத்திருக்கும். பேச்சு வரவில்லை. எல்லாம் அவளுக்குப் புரியும் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. ஆனாலும் அவளுக்கென்று தனி நோட்டு வைத்திருந்தேன். வலிப்பு வந்த நாள், மருந்து கொடுத்த வேளை, குடித்த கஞ்சி எத்தனை கரண்டி, எல்லாம் அதில் உண்டு. சிரித்தால் அதையும் குறிப்பேன். 1910-ஆம் வருஷம் முழுவதற்குமாகப் பதினோரு தடவை சிரித்திருக்கிறாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது யாரோ ஒரு அம்மாள் வாசலில் நின்று அவளைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று என் மனைவி சாயங்காலம்வரை அழுதாள். மறுநாள் நான் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் "நாங்க பாத்துக்கிடுவோம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். சத்தம் கேட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று தெருவில் விளையாடுகிறவர்களையும் அதட்டி வைத்திருந்தேன். நான் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஜூன் மாதக் கடைசியில் என் மைத்துனன் சாத்தான்குளத்திலிருந்து வந்தான். என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். வீட்டுக்கு மூத்தவள் வராமல் எப்படி என்று கூப்பிட வந்தவன், கொல்லையில் கை கழுவப் போனான். போனவன் அங்கேயே நின்றுவிட்டான். என் மனைவி கிணற்றங்கரையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கூப்பிட்டதும் திடுக்கிட்டுக் கையை விட்டாள். வாளி கிணற்றுக்குள் போயிற்று.

அந்த வருஷத்தில் அது மூன்றாவது வாளி. முதல் இரண்டையும் நான் செலவு நோட்டில் எழுதியிருந்தேன். "வாளி 1, வாளி 2, கவனக்குறைவு" என்று எழுதியிருந்தேன். ஏன் விழுந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மைத்துனன் என்னிடம் ஒன்றும் சண்டை போடவில்லை. "அத்தான், அக்காள நான் அஞ்சு நாளு கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னான். வண்டி குலுக்கினால் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடும், அதனால் அவளைக் கொண்டுபோக முடியாது, அவளை விட்டுவிட்டு நானும் வரமாட்டேன் என்றாள் மனைவி. எனக்கு எங்கிருந்து அந்த வீறாப்பு வந்ததோ, நான் பார்த்துக்கொள்கிறேன், இதில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் முடிந்தது என்றேன். திங்கள் முதல் மூன்று நாள் லீவும் எழுதிக் கொடுத்தேன்.

பட்டியலில் இருபத்து மூன்று இனங்கள். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும், காலை எட்டு மணிக்குக் கஞ்சி பதினெட்டுக் கரண்டி. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. அவ மொகத்தப் பாத்துக் குடுங்க" என்றாள். அதை எந்த இனத்தின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

வண்டி போன பிறகு ஏழு மணிவரை எல்லாம் பட்டியல்படியே நடந்தது. எட்டு மணிக்கு மகளை மடியில் வைத்துக் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் கொண்டுபோனேன். வாய் திறக்கவில்லை. விரலால் மெள்ளத் திறந்து ஊற்றினேன், புரையேறிவிட்டது. முதுகைத் தட்டி, தலையைத் தூக்கி, அவளுக்கு மூச்சு ஒழுங்காவதற்குள் என் மேல்சட்டை நனைந்துவிட்டது. ஒன்பது இருபதுக்கு அழ ஆரம்பித்தாள்.

நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். உட்கார்ந்தேன். படுக்க வைத்தேன். விசிறினேன். ஞானப்பாட்டுப் பாடினேன், அது இன்னும் மோசமாயிற்று. பதினொரு மணிக்குப் பட்டியலைத் தேடினால் அது கஞ்சியில் நனைந்து எழுத்தெல்லாம் கலைந்து கிடந்தது. எனக்குச் சாப்பாடு என்று ஒன்று உண்டு என்பதே பன்னிரண்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. வடித்து வைத்திருந்த சோற்றை ஒரு கையால் எடுத்து நின்றபடியே இரண்டு வாய் தின்றேன். மூன்றாவது வாய்க்குள் மறுபடியும் தூக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் என் மனைவி தினமும் செய்கிறாளே என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை சாப்பிடாமல் செத்துப்போய்விடுவாளோ என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

இரண்டரை மணிக்குத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டி ஏற்றிவந்து இறக்கிவிட்டு, அரிசி மூட்டையோடு திரும்பும் வண்டி. ஒரு சீட்டை எடுத்து, "பிள்ளை சாப்பிடவில்லை. உடனே புறப்பட்டு வரவும்" என்று எழுதினேன். கையெழுத்துக் கோணிப்போயிற்று. வண்டிக்காரரிடம் மைத்துனன் வீட்டு அடையாளத்தைச் சொல்லி, இரண்டணாவும் கொடுத்தேன். அவர் சீட்டைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார். உள்ளே குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். அவசரத்தில் கதவைச் சாத்த மறந்துவிட்டேன்.

அன்று நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

மூன்று ஐந்துக்கு வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. எதிர்வீட்டு அம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் வாய்க்கால் மடை பார்க்கிறவர். கார் நெல் நடுகிற சமயம், அவள் நாற்று நட்டுவிட்டு முழங்கால்வரை சேற்றோடு வந்திருந்தாள். படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"வாத்தியாரய்யா, காலையில புடிச்சு பிள்ள அழுதுக்கிட்டே கெடக்கா. நான் உள்ள வரலாமா?"

எட்டு வருஷமாக எதிரெதிர் வீடு. அவள் இப்படிக் கேட்கும்படி வைத்திருந்தேன். தலையை ஆட்டினேன். வாசல் தொட்டியில் கால் கழுவிவிட்டு வந்தாள். உட்கார்ந்து, பிள்ளையை இங்கே தாரும் என்று இரண்டு கையையும் நீட்டினாள். கையில் ஏழெட்டுக் கண்ணாடி வளையல், நீட்டிய வேகத்தில் கலகலவென்றது.

அழுகை நின்றது.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். மடியில் போட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தாள். கை அசைய வளையல் குலுங்கியது. என் மகள் வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி இறங்கியது. மறுபடியும் வளையல், மறுபடியும் வாய். நான் கரண்டியை வாங்கி என் கையால் கொடுத்துப் பார்த்தேன், வாய் இறுக மூடிக்கொண்டது. அந்த அம்மாள் பக்கத்தில் சும்மா கையை ஆட்டினாள். வாய் திறந்தது.

"வளையச் சத்தத்துக்குல்லா வாயத் தொறக்கா. இது தெரியாதா ஒமக்கு?"

இருபத்து மூன்று இனத்திலும் அது இல்லை. இருபத்தொரு கரண்டி குடித்தாள். அதைக் குடித்து முடித்ததும் அந்த அம்மாளின் கையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க வேண்டும் என்று நோட்டை எடுத்தேன். அப்போதுதான் சீட்டு அனுப்பியதைச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "ஆளு அனுப்பிட்டீராக்கும்" என்றாள். பிறகு சொன்னதை நான் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன்.

"காலையில வண்டியேறயில அவ சிரிச்சா. கண்டீரா? எட்டு வருசமா வேலி வழியா அவளப் பாக்கேன். ஒரு வாய்ச் சோறு உக்காந்து தின்னு பாத்ததில்ல. இப்ப நீரு கூப்புட்டீருன்னா வந்துருவா. பெறகு எந்தக் காலத்துலயும் படியிறங்க மாட்டா."

நான் காணவில்லை. வண்டி புறப்பட்ட நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி போய் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டதே என்றேன். கருப்பட்டி வண்டிக்காரர் நம் பாதை பெரிய ரோட்டில் சேருகிற விலக்கில் மாட்டை அவிழ்த்துவிட்டு ஒரு தூக்கம் போடாமல் நகரமாட்டார், எனக்கு அவரைத் தெரியும் என்றாள் அவள். விலக்கு ஒன்றரை மைல். நான் மகளைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர அவளை யார் மடியிலும் விட்டதில்லை.

"ஓடும் வே. பிள்ள என்கிட்ட இருப்பா" என்றாள்.

ஓடினேன். மேல்சட்டையில் கஞ்சி காய்ந்திருந்தது. நடவு வயல்களில் நிமிர்ந்து பார்த்தவர்கள், வாத்தியார் ஓடுவதைக் கண்டு எங்கே தீப்பிடித்தது என்று கேட்டார்கள். எத்தனை எட்டு ஓடினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று எண்ணவில்லை.

விலக்கில் புளியமரத்தடியில் மாடுகள் படுத்திருந்தன. வண்டிக்காரர் வண்டிக்கடியில் நல்ல உறக்கம். எழுப்பிச் சீட்டைத் திருப்பிக் கேட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கொடுக்கச் சொன்ன சீட்டைக் கொடுக்காமல் விட்டால் தொழிலுக்கு மரியாதை இல்லை என்றார். அந்தச் சீட்டு இனித் தேவையில்லை, பிள்ளை சாப்பிட்டுவிட்டாள் என்றேன். அவர் தலைப்பாகையிலிருந்து உருவி நீட்டினார்.

"சீட்டப் புடியும். ரெண்டணாவக் கேக்காதேயும், அது மாட்டுக்குப் பிண்ணாக்காப் போயிட்டு."

நான் கேட்கவே இல்லை. திரும்பி வரும்போது பாதி வழியில் இடது செருப்பின் வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் பேச்சுச் சத்தமும் சிரிப்பும். நடவு முடிந்து வந்த இன்னும் மூன்று பெண்கள் சேற்றுக் காலைக் கழுவிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் ஒருத்தி மடியிலிருந்து இன்னொருத்தி மடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஆறு வருஷமாகத் தடுத்து வைத்திருந்த சத்தமெல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாவிட்டாலும் கண்ணை ஒவ்வொரு கையாகத் திருப்பினாள்.

அன்றே எதிர்வீட்டு அம்மாள் ஏற்பாட்டைச் சொல்லிவிட்டாள். வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து விடுகிறோம் அல்லவா, அதுபோலப் பிள்ளைக்கும் முறை. நடவு முடிந்து வந்ததும் வீட்டுக்கு ஒருத்தி, இரண்டு மணி நேரம். ஞாயிறு அவள், திங்கள் அடுத்த வீடு, இப்படி நான்கு வீடு. நான் உடனே ஒரு தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். அதை மடித்து வையும், தண்ணி முறை எங்களுக்கு எழுதி வைத்தா ஞாபகமிருக்கு என்றாள்.

ஆனால் காலைக் கஞ்சிக்கும் மத்தியானக் கஞ்சிக்கும் நான்தானே. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் கழற்றிக் கொடுத்த இரண்டு வளையலைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே கரண்டி பிடித்துப் பார்த்தேன்; கஞ்சி பாதி தரையில். திங்கட்கிழமை வளையல் விற்கிறவர் தெருவில் வந்தார். கூப்பிட்டேன். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். பெட்டியை இறக்கியவர் மறுபடியும் தலையில் தூக்கப் பார்த்தார். காரணத்தைச் சொன்னதும் இருப்பதிலேயே பெரிய அளவாக எடுத்தார். என் கையைப் பிடித்து அமுக்கி, நீவி, எண்ணெய் தடவிப் பார்த்தார். மூன்று வளையல் உடைந்தது. கணக்குப் போட்டுப் போட்டுக் கை இப்படி இறுகிப்போச்சா அண்ணாச்சி என்றார். கடைசியில் ஆறு வளையலை ஒரு கயிற்றில் கோத்து என் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு சிரமமும் இல்லை. கை அசைந்தால் சத்தம், சத்தம் கேட்டால் வாய். செவ்வாய்க்கிழமை காலையில் திறந்த கதவுக்கு நேராக உட்கார்ந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அதே கருப்பட்டி வண்டி மறுபடியும் வந்தது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, குனிந்து, நன்றாகப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரய்யா, வளைகாப்பா? எத்தன மாசம்?"

ஆம்பிளை கையில் வளையல் என்றால் எங்கள் பக்கத்தில் அதைவிட அவமானமான பேச்சு இல்லை. வேறு நாளாக இருந்தால் நான் ஒரு வாரம் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்டதும் நடவுக்குப் புறப்பட்டு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் என் மகள் சிரித்தாள், அவள் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். "எட்டு வருசம் அண்ணாச்சி" என்றேன். வண்டிக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நோட்டில் பார்க்கிறேன்: அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாளில் மகள் சிரித்தது பதினான்கு தடவை. எல்லாம் அவளுக்குப் புரியும் என்று என் மனைவி சொன்னதில் அன்றோடு எனக்குச் சந்தேகம் போயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு என் மனைவி வந்து இறங்கினாள். நான் உள்ளே கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய முறைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி நின்ற சத்தம் கேட்டும் ஆள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தால், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைக் காணோம்.

உள்ளே வந்ததும் பிள்ளையைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கு முதலில் தெரியவில்லை. வளையல் ரகசியத்தைச் சொன்னேன். இதை ஏன் பட்டியலில் சொல்லவில்லை என்றும் கேட்டேன். "எனக்குந்தான் தெரியாது. நான் வளையலக் கழத்துனதே இல்லையே" என்றாள்.

கல்யாண வீட்டில் என்ன செய்தாள் என்று கேட்டேன். போன அன்று ராத்திரி படுத்தவள் மறுநாள் பொழுது உச்சிக்கு வந்த பிறகுதான் எழுந்தாளாம். யாரும் எழுப்பவில்லையாம். எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். சோறு சூடாக இருந்தது என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு மகளை மடியில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஒரு தடவையாவது என்னத் தேடுனாளா?"

ஐந்தே முக்கால் மணி நேரம், இடைவிடாமல், என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்த திருப்தியை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

அதற்குப் பிறகு முறை நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு வாரமும் பிசகாமல் நானே மகளைப் பார்த்துக்கொண்டேன். என் மனைவி எதிர்வீட்டு அம்மாளோடு ஆற்றுக்குப் போவாள். குளித்து, தலையைக் காயவிட்டு, பாறையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு நான்கு மணிக்குத் திரும்புவாள். 1920-ஆம் வருஷம் வரை எங்கள் கிணற்றில் ஒரு வாளியும் விழவில்லை. அந்த வருஷம் விழுந்ததும் நான் தவறவிட்டது. என் மகள் இருபத்தொன்பது வயதுவரை எங்களோடு இருந்தாள். நான்கு வீட்டு முறை அதுவரையிலும் இருந்தது. இடையில் ஒருத்தி மாமியாராகி, முறையை மருமகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

சீட்டு விஷயத்தை நான் மறைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து நோட்டுக்குள்ளிருந்து அது விழ, என் மனைவி எடுத்து வாசித்தாள். எப்போது எழுதியது என்று கேட்டாள். வேறு வழியில்லாமல், விலக்குவரை ஓடியதையும் செருப்பு அறுந்ததையும் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சீட்டைவிட மற்றதுதான் பெரிதாகப் பட்டது. "ஓடுனீங்களா? நீங்களா?" என்று நாலைந்து தடவை கேட்டாள். பிறகு மகளிடம் போய்க் குனிந்து, "கேட்டியா, ஒங்கப்பா ஓடுனாவளாம்" என்று சொல்லி, மூச்சு முட்டும்வரை சிரித்தாள். அதைக் கேட்டு மகளும் சிரித்தாள். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொண்டேன்.

இதை எழுதும்போது மத்தியானம் இரண்டே கால். என் மனைவி உள்ளே படுத்துத் தூங்குகிறாள். எழுப்ப மாட்டேன். அவளுக்கு ஓய்வு என்று ஒன்று உண்டென்று நான் கற்றுக்கொண்டது அந்த ஐந்து நாளில்தான், அதற்கு ஆன செலவையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்: வண்டிக்காரருக்கு இரண்டணா, செருப்புக்கு வார் வைத்தது அரையணா, உடைந்த மூன்றும் சேர்த்து ஒன்பது வளையல் ஒன்றரையணா, ஆக மொத்தம் நாலணா.